இஞ்சின் மட்டும் கொஞ்சம் கரைச்சல்

திருகோணமலைப் பட்டினத்தில் எந்தத் தெருவால் நடந்தாலும் முடிவில் கடல் வந்து நிற்கும். ஒருபக்கம் டச் பே, மறுபக்கம் பேக் பே, முதுகைத் திருப்பினால் உட்துறைமுகம். உலகத்திலேயே சிறந்த துறைமுகம் என்று நெல்சன் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. வெளியூர்க்காரருக்கு இடம் காட்டுகிற ஆட்கள் அதை நெல்சனுக்குப் பக்கத்தில் நின்று காதால் கேட்டவர்கள் போலச் சொல்வார்கள். இந்த ஊரில் பிறந்து, கச்சேரியில் கிளாக்கராகச் சேர்ந்து, அங்கேயே பென்சனும் எடுத்து, தலையும் நரைத்த பிறகும் மிதக்கக்கூடிய பொருள் எதற்கும் நான் சொந்தக்காரனாக இருந்ததில்லை. வீட்டில் ஒரு பிளாஸ்ரிக் வாளி உண்டு. அதையும் மனைவியிடம் கேட்டுத்தான் எடுப்பேன்.

என் கடலோட்டம் முழுவதும் மூதூர் லோஞ்சில் நடந்தது. மூதூருக்கு இடமாற்றம் கிடைத்த காலத்தில் கொட்டியாரக் குடாவைக் கடந்துதான் வேலைக்குப் போகவேண்டும். லோஞ்ச் துறையை விட்டு விலகும்போதே என் வயிறும் என்னை விட்டு விலகும். கூட வேலை செய்தவர்கள் அன்பானவர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்தில் தாங்கள் உட்கார்ந்துகொள்வார்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர் நீளம், நாட்டிலேயே நீளமான பாலம், மிதவைப் பாதையில் ஏறிக் களப்பைக் கடக்கிற தொல்லை ஒழிந்தது என்று சனம் மகிழ்ந்தது. என் இரைப்பைக்கும் அன்றுதான் சுதந்திர தினம்.

இப்படிப்பட்டவன் ஏன் போட் வாங்க நினைத்தான் என்று வீட்டில் கேள்வி வந்தது. என்னிடம் பதில் தயாராக இருந்தது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியே வைத்திருந்தேன்.

திட்டம் இதுதான். எங்கள் துறைமுக வாசலிலிருந்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. கரைக்குக் கிட்டவே கடல் அவ்வளவு ஆழமாக இருப்பதால் திமிங்கிலங்களும் கிட்டவே வருகின்றன. பங்குனி பிறந்தால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர் விடியற்காலையில் போட் ஏறி அதைப் பார்க்கப் போகிறார்கள். அவர்களில் நாலு பேரை நான் ஏற்றினால் என்ன? ஒரு தலைக்கு இவ்வளவு, நாலு தலைக்கு இவ்வளவு, ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிக்கொண்டு போனதில் இரண்டாம் வருடமே சாம்பல்தீவில் ஒரு காணி வாங்கியிருந்தேன். நீலத் திமிங்கிலம் முப்பது மீற்றர் வரை வளரும் என்று ஒரு வரியில் எழுதியிருந்தேன். அதற்குக் கீழ் வரியில் 'நமது போட் பதினெட்டு அடி' என்றும் எழுதியிருந்தேன். இரண்டு வரிக்கும் நடுவில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒன்று மீற்றரில் இருந்தது, மற்றது அடியில் இருந்தது. கச்சேரியில் அலகு வேறானால் கோவையும் வேறு.

திமிங்கிலம் இல்லாவிட்டால் புறாமலைத் தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் 2003-லிருந்து அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தில் ரிக்கெற் எடுக்கவேண்டும். நிலாவெளியில் ஆட்களை ஏற்றிப் போகிறவர்கள் சங்கமாக முறைவைத்து ஓடுகிறவர்கள். பட்டினத்திலிருந்து ஒரு பென்சன்காரன் தொப்பியோடு வந்து வரிசையில் செருகமுடியாது. இதை எனக்குச் சொன்னது ஒரு ஓட்டோக்காரத் தம்பி. அவர்தான் ஆறுதலாக இன்னொன்றும் சொன்னார்: "ஐயா, சல்லியில ஒரு பைபர் போட் விலைக்கு நிக்குது. பொடி கல்லு மாதிரி. இஞ்சின் மட்டும் கொஞ்சம் கரைச்சல்."

அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டவுடன் என் உடம்பில் ஒரு தெம்பு வந்தது. அதற்கு முன்பும் போட் விலைக்கு வந்திருக்கிறது. கொட்பே துறையில் ஒன்று, எல்லாம் சரியான நிலையில், சாவியைத் திருப்பினால் ஓடும் என்றார்கள். அதைப் பார்க்க நான் போகவேயில்லை. எல்லாம் சரியாக உள்ள போட்டை வாங்குகிறவன் அடுத்த நாள் அதைக் கடலில் இறக்கவேண்டும். பழுதான போட்டுக்கு அந்த வில்லங்கம் இல்லை. போட்காரன் என்கிற பெயரும் இருக்கும், காலும் மணலில் இருக்கும். "என்ன மாஸ்டர், போட் எப்படி?" என்று கேட்டால், "இஞ்சின் வேலை போகுது" என்று கடலைப் பார்த்துக்கொண்டு சொல்லலாம்.

சல்லி மீன்பிடிக் கிராமம். வாடிகளுக்குப் பின்னால், ஒரு பூவரச மர நிழலில், இரண்டு ஆட்டுக்குட்டிகளுக்கு வீடாக அந்தப் போட் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தால் நீலப் பெயின்ற்றுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ஏதோ ஒரு நாட்டுக் கொடியின் மூலை. சுனாமிப் போட். 2004 டிசம்பர் 26-ல் கடல் கொண்டுபோன வள்ளங்களுக்குப் பதிலாக உலகத்திலுள்ள தொண்டு நிறுவனங்கள் எல்லாம் எங்கள் கரைக்குப் போட் கொடுக்கப் போட்டி போட்ட காலத்தில் வந்தது. அந்த அவசரத்தில் கட்டியவற்றில் ஒரு பங்கு கடலில் இறக்கவே தகுதியற்றது என்று ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் பிறகு சொல்லவேண்டி வந்தது. "இது அந்தப் பங்கோ, மற்றப் பங்கோ?" என்று கேட்டேன். விற்கிறவர் யோசித்து, "இது நடுவில வந்தது" என்றார்.

பழைய பைபர் போட் பார்க்கப் போகிறவன் முதலில் இஞ்சினைப் பார்க்கக்கூடாது. இஞ்சினைப் பூட்டுகிற பின்பலகையைப் பார்க்கவேண்டும். வெளியே பைபர், உள்ளே ஒட்டுப்பலகை. நட்டுப் போட்ட துளையால் தண்ணீர் உள்ளே போனால் பலகை உள்ளுக்குள்ளேயே உக்கிவிடும், வெளியே மினுமினுவென்றிருக்கும். நாற்பது குதிரைவலு இஞ்சின் ஒன்று எழுபது கிலோ அளவில் இருக்கும். அது அந்தப் பலகையில் தொங்குவதோடு நிற்காமல் முழுப்பலத்தோடு தள்ளவும் செய்யும். பலகை உக்கியிருந்தால் ஒரு நாள் இஞ்சின் ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம். ஆகவே சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல பலகை 'டங்' என்னும், உக்கினது 'பொத்' என்னும்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று நான் சந்தையில் வத்தகப்பழம் தட்டுவது போல விரலால் போட் முழுக்கத் தட்டிக்கொண்டு வந்தேன். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம். அது என் விரலின் சத்தம். விற்கிறவர் மரியாதையோடு பின்னால் வந்தார்.

"ஐயா நல்லாத் தட்டுறியள். எங்க வேலை செய்தனீங்கள்?"

"கச்சேரியில."

"அப்ப சரி" என்றார். அந்த 'அப்ப சரி'யோடு விலையில் ஐம்பதாயிரம் கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆறரை இலட்சம் என்றார்.

இஞ்சினை ஒரு பெரிய பிளாஸ்ரிக் பீப்பாவில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள் இறக்கிக் காட்டினார். கயிற்றை ஒரே இழுவை. பிடித்தது! புகை வந்தது, சத்தம் வந்தது, ஆட்டுக்குட்டிகள் ஓடின. அசந்துபோனேன். கரைச்சல் எங்கே என்று கேட்கக்கூட மறந்துவிட்டேன். மேல்மூடியில் கையை வைத்தேன், இளஞ்சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன். நிழலில் நிற்கிறோம் என்பது ஞாபகம் வரவில்லை.

வெளியிணைப்பு இஞ்சினுக்குப் பின்பக்கம் ஒரு சிறு துளை உண்டு. கீழே உள்ள ரப்பர்ப் பம்பு தண்ணீரை இழுத்து இஞ்சினைக் குளிரவைத்து, இந்தத் துளையால் கொஞ்சத்தை வெளியே பீச்சும். தாரை பலமாக, விடாமல் வரவேண்டும். வராவிட்டால் பம்பு ரப்பர் தேய்ந்துவிட்டது அல்லது வழியில் உப்பு அடைத்துவிட்டது; இஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். இந்த இஞ்சினில் தாரை வந்து, நின்று, யோசித்து, சொட்டிச் சொட்டி மறுபடி வந்தது. என் வயதில் உள்ளவன் அதை ஒரு குறையென்று சொல்ல வாய் வருமா? பேசாமல் நின்றேன்.

அடுத்த கிழமை மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வந்தவுடன் செய்த முதல் வேலை, எதையும் தொடாமல் பீடி பற்றவைத்தது. "ஏன் பாஸ்?" என்றால், "இஞ்சின் ஆறட்டும்" என்றார். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் விற்கிறவர்கள் முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி வைப்பார்களாம். சூடான இஞ்சின் எதுவும் ஒரே இழுவையில் பிடிக்குமாம். குளிர்ந்த இஞ்சின்தான் உண்மை பேசுமாம். குளிர்ந்த பிறகு பாஸ் இழுத்தார். உண்மை பேசத் தொடங்கியது. இழுத்து இழுத்துச் சட்டையைக் கழற்றினார். பிறகு என்னை இழுக்கச் சொன்னார். கயிறு என் கையோடு வந்தது. இஞ்சின் பேசாமல் இருந்தது.

பிளக் கழற்றிக் கம்பிரஷன் மானியைப் பூட்டினார். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டவேண்டும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வளையம் தேய்ந்திருக்கும் அல்லது சிலிண்டர் கீறியிருக்கும். மேல் சிலிண்டர் 115. கீழ் சிலிண்டர் 80. பாஸ் நாக்கைச் சப்பினார். கீழே கியர் ஒயில் ஆணியைக் கழற்றினார். ஒயில் வெள்ளைபட்டு வந்தது. சீல் போய்க் கடல்தண்ணீர் உள்ளே குடியிருக்கிறது. காபரேற்றரைத் திறந்தார், மூடினார். அதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை. மரணவீட்டில் மௌனமாக இருப்பார்களே, அந்த மாதிரி.

எனக்குப் பிடித்தது துத்தநாகத் துண்டு. விசிறிக்கு மேலே சின்னதாக ஒன்று பூட்டியிருக்கிறார்கள். உப்புத்தண்ணீர் அலுமினியத்தைத் தின்னாமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் தின்னப்படுவதுதான் அதன் உத்தியோகம். தேய்ந்து கரைந்தால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த இஞ்சினில் அது புத்தம் புதிதாக, முழுசாக இருந்தது. யாரோ அதற்கும் சேர்த்துப் பெயின்ற் அடித்துவிட்டார்கள். பெயின்ற் அடித்தால் தண்ணீர் அதைத் தொடமுடியாது; இஞ்சினின் உடம்பைத்தான் தின்னும். ஆசனத்தில் அழகாக வீற்றிருந்து, ஒரு வேலையும் செய்யாமல், பக்கத்திலிருப்பவர்களைத் தேயவிடும் அந்தத் துண்டை எனக்குக் கச்சேரியில் பழக்கம்.

எல்லாம் முடித்துப் பாஸ் கையைத் துடைத்தார். "எப்படி?" என்றேன்.

"மேல்மூடி நல்ல மூடி ஐயா."

அன்று பின்னேரம் நான் கடைக்குப் போய் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் 'படகு: பழுதுகள்' என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டேன். இடப்பக்கம் பழுது, வலப்பக்கம் உத்தேசச் செலவு, நடுவில் 'மேலதிக நடவடிக்கை'. பென்சன் எடுத்த பிறகு அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை. இரவு பத்து மணிக்கு மேலும் விளக்கை எரியவிட்டு, பம்பு ரப்பர், சீல், வளையம், பின்பலகை என்று எழுதிக்கொண்டிருந்தேன். பதிவுக்கு ஒரு தனிப் பக்கம். 1996-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கச் சட்டப்படி மீன்பிடிப் படகு கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதிந்திருக்கவேண்டும். இந்தப் போட்டின் பதிவில் இருப்பவர் விற்கிறவர் அல்ல, அவருடைய பெரியப்பா. பெரியப்பா இப்போது கனடாவில். சத்தியக்கடதாசி, தூதரகம், பதிவுத்தபால், நினைவூட்டற் கடிதம்! மற்றவர்களுக்குக் கடல் என்றால் அலை. எனக்கு இதுதான்.

எரிபொருள் கணக்கும் எழுதினேன். நாற்பது குதிரைவலு இரண்டடிப்பு இஞ்சின் முழு வேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்குப் பதினைந்து லீற்றருக்கு மேல் குடிக்கும். பெற்றோல் ஐம்பது பங்குக்கு ஒயில் ஒரு பங்கு கலக்கவேண்டும். மீனவர்கள் பாதிப்பேர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாகப் போனபோது சல்லியிலும் வீரநகரிலும் எத்தனையோ போட்கள் கரையேறி நின்றன. அந்த வருடம் பெற்றோலுக்கு வரிசையில் படுத்துறங்கினோம். பிறகு கியூஆர் வந்து, கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றினார்கள். எங்கள் ஸ்கூட்டருக்குக் கிடைத்த பங்கில் இந்தப் போட் துறைமுக வாசல்வரை போயிருக்கும். திரும்பி வர அடுத்த கிழமை பார்க்கவேண்டும்.

கனடாவிலிருக்கிற மச்சானிடம் போனில் கேட்டேன். "அத்தான், தயவுசெய்து வாங்காதேங்கோ" என்றான். ஒரு நிமிடம் கழித்து, "வாங்கினா எனக்குப் படம் அனுப்புங்கோ" என்றான்.

இனி வீட்டுக்காரியின் பக்கம். அவள் மூதூர்ப் பிள்ளை. தகப்பனாரிடம் வள்ளம் இருந்தது. கொட்டியாரக் குடாவில் மீன் மாதிரி நீந்துவாள் என்று கல்யாணப் பேச்சிலேயே சொன்னார்கள். எனக்கு நீந்தவே தெரியாது என்பதை எங்கள் தரப்பு சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவள். ஆகவே என்னோடு சண்டை பிடிப்பதற்கு அவளுக்கு நானூறு வருடத்துச் சான்றுகள் கைவசம் இருக்கும்.

"இஞ்சருங்கோ, பழுதான கப்பலைத் திருத்த எங்கட பக்கம் வந்தவன்ர கதை தெரியுமோ?"

தெரியும் என்றாலும் விடமாட்டாள். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. புது மரம் நாட்டலாம், அப்படியே கொஞ்சம் வியாபாரமும் பார்க்கலாம் என்று கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கண்டி இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் மகன் றொபேட் நொக்ஸையும் கூட வந்தவர்களையும், மொத்தம் பதினாறு பேரை, பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் 1661-ல் அங்கேயே செத்துப்போனார். மகன் 1679-ல்தான் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தான்.

"ஒரு பாய்மரம் மாத்த வந்தவன். பத்தொன்பது வருசம்" என்றாள். "உங்களுக்கு எத்தினை சாமான் மாத்தவேணும் எண்டு கொப்பியில பார்த்துச் சொல்லுங்கோ."

நானும் விடவில்லை. என்னிடம் ஒரே ஒரு சரித்திரம் இருந்தது. எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு கப்பல்: எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி. 1782-ல் இந்தக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையின் நினைவாகப் பெயர் வைத்து, பம்பாயில் வாடியாக்களின் கப்பற்பட்டறையில் தேக்குமரத்தால் கட்டி 1817-ல் கடலில் இறக்கினார்கள். 1819-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. சேர்ந்தவுடன் என்ன செய்தார்கள்? சும்மா கட்டிப்போட்டார்கள். 1845 வரைக்கும்! எனக்கு அந்தக் கடற்படை அதிகாரிகளை நேரில் கண்டு கைகுலுக்கவேண்டும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு ஓடித் திரிந்து, கிழடாகி, 1897-ல் உடைக்கப்போகிற நிலையில் அதை விலைக்கு வாங்கியவர் வீற்லி கொப் என்கிற தனிமனிதர். அவர் கதைதான் எனக்குப் பெரிய பலம். அதற்கு ஐந்து வருடம் முந்தி அவர் இன்னொரு பழைய கப்பலை வாங்கியிருந்தார். நெல்சன் ஓட்டிய 'பூட்ரோயன்ற்'. ஜேர்மன் கப்பல் உடைப்பவர்களின் கைக்குப் போனதை மீட்டுத் திருத்தி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். 1897-ல் பிளக்பூல் கரையில் புயல் அதை அடித்து நொறுக்கியது. மனிதர் தளர்ந்தாரா? அதே வருடம் போய் எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட கிழட்டுக் கப்பலை வாங்கி, பழைய கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார். இன்று அது ஹாற்றில்பூல் என்ற ஊரில், 1990-ல் தொடங்கி 2001 வரை திருத்தி முடித்து, தன் சொந்தப் பெயரோடு மிதக்கிறது.

"பார்த்தீரோ?" என்றேன். "பழைய கப்பல் வாங்கினவர் எல்லாரும் விசரர் இல்லை."

"அந்தாள் காசுக்காரன்" என்றாள். "காசு இருந்தா அதுக்கு வேற பேர்."

வெளியிணைப்பு இஞ்சினைப் பற்றியும் ஒன்று சொன்னேன். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்ற நோர்வேக்காரர் ஒரு வெயில் நாளில் தன் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியைக் கடந்து துடுப்புப் போட்டாராம். திரும்பி வர ஐஸ்கிரீம் தண்ணீராகிவிட்டதாம். அந்த எரிச்சலில் யோசித்துச் செய்து 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான் இது என்று ஒரு கதை. "ஒரு பெண்ணுக்காகப் பிறந்த சாமான்" என்று முடித்தேன். வீட்டுக்காரி, ஐஸ்கிரீம் கடை சந்தியிலேயே இருக்கிறதென்றும் போகும்போது தேங்காய் இரண்டும் வாங்கி வரும்படியும் சொன்னாள்.

இன்னும் ஒரு பிரச்சினை, வாங்கினால் எங்கே வைப்பது என்பது. எங்கள் முற்றத்தில் வைக்கலாம். ஆனால் இந்த ஊரில் புள்ளிமான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை. தெருவில் மாடு மாதிரித் திரியும், குப்பைத்தொட்டியைக் கிண்டும், மரக்கறிக் கடையில் வாய் வைக்கும். போட் ஒன்று முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தால் வாடைமழைக்கு அவை குடும்பத்தோடு வந்து ஒதுங்கும். அதை ஒரு நன்மையாகத்தான் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

ஒருநாள் காலையில் வீட்டுக்காரி, "வாங்கோ, நானும் ஒருக்காப் பார்க்கிறன்" என்றாள். நான் உள்ளூரச் சந்தோசப்பட்டேன். அவள் பார்ப்பாள், சீ என்பாள், அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் "நான் வாங்கத்தான் இருந்தனான், இவள் விடேல்ல" என்று சொல்லிக்கொண்டு திரியலாம். ஊரில் பல ஆண்கள் அப்படித்தான் பெரிய ஆட்களாக இருக்கிறார்கள்.

சல்லியில் இறங்கினோம். விற்கிறவர் எங்களைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த சாரத்தைச் சட்டென்று இறக்கிவிட்டு எழும்பி நின்றார்.

"ரீச்சர்!"

சாம்பல்தீவுப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் படிப்பித்திருக்கிறாள். அதற்குப் பிறகு அங்கே நடந்தது வியாபாரமல்ல, வாய்மொழிப் பரீட்சை. போட்டின் அணியத்திலிருந்து பின்பலகை வரை ஒரு கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். "இது என்ன?" "அது... கொஞ்சம் உக்கினது ரீச்சர்." "முந்தி ஏன் சொல்லேல்ல?" "ஐயா கேக்கேல்ல ரீச்சர்." குனிந்து அடிப்பக்கம் பார்த்தாள். தக்கைத் துளையில் விரலை விட்டுப் பார்த்தாள். யார் கட்டினது, எந்த வருசம் கடைசியாக இறக்கினது, இஞ்சினைச் சூடாக்கி வைத்தது யார் என்று கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் விலை கொஞ்சம் இறங்கியது. ஆறரை ஐந்தரையாகி, நாலேகாலாகி, "ரீச்சர் சொல்றதைத் தாங்கோ" என்ற இடத்தில் வந்து நின்றது.

வீட்டுக்காரி கையைத் தட்டினாள். என்னைப் பார்த்தாள்.

"எடுப்பம்."

காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை. "என்ன?"

"பொடி பரவாயில்லை. பலகை மாத்தலாம். அப்பாட வள்ளத்தில ஏறினது. பிறகு யுத்தம், கடலுக்குப் போக நேவிப் பாஸ், பெரிய இஞ்சினுக்குத் தடை எண்டு அப்பாவும் வித்துப்போட்டார். ஒருக்கா மூதூருக்குக் கடலால போகவேணும் எண்டு எனக்குக் கனநாள் ஆசை. நீங்களும்தானே துடிக்கிறியள்."

அந்த நிமிடத்திலிருந்து நான் போட்டின் எதிர்க்கட்சித் தலைவரானேன். கொப்பியை விரித்து, கீழ் சிலிண்டர் 80 என்றேன். பெரியப்பாவின் கையெழுத்து இல்லை என்றேன். வாடைக்காற்று தொடங்கப்போகிறது, ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இந்தக் கடலை நம்பமுடியாது என்றேன். அது வைகாசி மாதம். விற்கிறவர் என் ஒவ்வொரு பேச்சையும் விலைபேசலாக எடுத்துக்கொண்டார். சிலிண்டருக்கு இருபத்தையாயிரம் குறைத்தார். பெரியப்பாவுக்கு அங்கேயே வட்சப்பில் அழைப்பெடுத்தார்; கனடாவில் இரவு, பெரியப்பா கட்டிலில் இருந்தபடியே கையெழுத்து அனுப்புகிறேன் என்று தலையாட்டினார். என் நினைவூட்டற் கடிதங்கள் எல்லாம் அந்தத் தலையாட்டலோடு போயின. வாடைக்காற்றுக்கு நங்கூரமும் கயிறும் இலவசம் என்றார். "இன்னும் ஏதும் பழுது இருந்தாச் சொல்லும் தம்பி" என்று நான் கெஞ்சினேன். அவர் பாவம், மனச்சாட்சிக்காரர். யோசித்து, தண்ணீர் இறைக்கிற வாளி ஓட்டை என்றார். அதையும் இலவசமாகத் தந்தார்.

வீட்டுக்கு வந்து, ஆறுதலாக யோசிப்போம் என்றேன். வீட்டுக்காரியும் சரி என்றாள். அவள் அவ்வளவு லேசில் சரி என்று சொல்கிறவள் அல்ல. அதை நான் கவனித்திருக்கவேண்டும். நான் ஆறுதலாக யோசித்தேன். பின்பலகைக்கு என்ன மரம் நல்லது என்று யோசித்தேன். சீல் கொழும்பிலிருந்து எடுப்பதா, யாழ்ப்பாணத்திலிருந்தா என்று யோசித்தேன். கொப்பியில் இரண்டாம் பாகம் தொடங்கினேன். போட் இன்னொருவருக்கு விலைபோய்விட்டால் ஒரு நல்ல சோகத்தோடு வாழலாம் என்று நினைத்துக்கொண்டுதான் விற்கிறவருக்குப் போன் எடுத்தேன்.

"வேற ஆரும் வந்து கேட்டவையோ தம்பி?"

"கிண்ணியா ஆள் ஒருத்தர் கேட்டவர் ஐயா. குடுக்கேல்ல. ரீச்சர் அட்வான்ஸ் தந்திட்டாவெல்லே."

"எப்ப?"

"அண்டைக்கே. பாஸ் வந்து வேலையெல்லாம் முடிச்சிட்டார். பலகை புதுசு. வளையம், சீல், பம்பு ரப்பர் எல்லாம் மாத்தியாச்சு. குளிர் இஞ்சின், ஒரே இழுவையில பிடிக்குது. ஒரு கரைச்சலும் இல்லை ஐயா."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். துத்தநாகத் துண்டுக்குப் பெயின்ற் சுரண்டியாச்சோ என்று கேட்டேன். புதுசே போட்டாச்சாம்.

"ஞாயிறு விடிய அஞ்சு மணிக்கு வாங்கோ. அந்த நேரம் கடல் நல்லாப் படுத்திருக்கும், மூதூருக்கு நேர போகலாம். லைப் ஜக்கெற் ஒண்டுதான் இருக்கு ஐயா. அது உங்களுக்காம், ரீச்சர் சொன்னவ."